பிரித்து வைக்கும் படலம்: மின்கலம், நினைவகம், அணுக்கழிவு

பொறியியலில் சேமிப்பு என்பது, விட்டால் ஒன்றோடொன்று வினைபுரிந்துவிடும் பொருள்களையோ, விட்டால் வெளியேறிப் பரவிவிடும் பொருளையோ, வேண்டிய காலம்வரை அப்படியே நிறுத்திவைப்பதாகும். மின்கலத்தில் நிறுத்திவைக்கப்படுவது லித்தியம். பென்டிரைவிலும் கைப்பேசியிலும் உள்ள நினைவகச் சில்லில் நிறுத்திவைக்கப்படுவது எலக்ட்ரான்கள். அணுக்கழிவுக் கிடங்கில் நிறுத்திவைக்கப்படுவது சீசியம், ஸ்ட்ரான்ஷியம், புளூட்டோனியம் முதலிய கதிரியக்கத் தனிமங்கள். முதலாவது பத்துப் பதினைந்து ஆண்டு தாக்குப்பிடித்தால் போதும் என்று கருதப்படுகிறது. இரண்டாவது பத்தாண்டு நிலைத்தால் நன்று. மூன்றாவதோ லட்சம் ஆண்டுகளுக்குக் குறையாமல் நிலைக்கவேண்டும். பல்கலைக்கழகங்களில் இம்மூன்றும் வெவ்வேறு துறைகளில் பயிற்றுவிக்கப்படுகின்றன. ஒரு துறையினர் மற்றொன்றின் ஆய்விதழைப் புரட்டுவதும் அரிது. ஆயினும், சேமிப்பு ஏன் நிலைக்கிறது, ஏன் குலைகிறது என்று ஆராய்ந்துகொண்டே போனால், மூன்று துறையினரும் வந்து நிற்கும் இடம் ஏறக்குறைய ஒன்றே. இரண்டு பொருள்கள் சந்திக்கும் எல்லையில், பெரும்பாலும் கண்ணுக்கே புலப்படாத கனத்தில் கிடக்கும் ஒரு படலமே அந்த இடம். அந்தப் படலத்தைப் பற்றியதே இச்சொற்பொழிவு.

லித்தியம் அயனி மின்கலத்தின் வரலாறு பலரும் அறிந்ததே. 1970களில் எக்ஸான் நிறுவன ஆய்வகத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் டைட்டானியம் டைசல்பைடைக் கொண்டு செய்த மின்கலம், 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழுவினர் கண்டறிந்த லித்தியம் கோபால்ட் ஆக்சைடு, 1985இல் ஜப்பானில் அகிரா யோஷினோ எதிர்முனையில் உலோக லித்தியத்துக்குப் பதிலாகக் கார்பனை வைத்துக் காட்டிய வடிவம், 1991இல் சோனி நிறுவனத்தின் விற்பனை, 2019இல் மூவருக்கும் வேதியியலுக்கான நோபல் பரிசு என்று அந்த வரலாறு சொல்லப்படுவது வழக்கம். இந்த வரிசையில் நேர்முனைப் பொருளுக்குக் கிடைத்த புகழில் பாதிகூட எதிர்முனையில் நிகழ்ந்ததற்குக் கிடைக்கவில்லை. மின்கலத்தின் ஆயுள் பெரிதும் முடிவாவதோ அங்கேதான்.

மின்னேற்றத்தின்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து புறப்பட்டு, இரு முனைகளுக்கும் இடையேயுள்ள திரவமாகிய மின்பகுளியைக் கடந்து, எதிர்முனையிலுள்ள கிராஃபைட்டின் அடுக்குகளுக்கிடையே ஆறு கார்பன் அணுக்களுக்கு ஒரு லித்தியம் என்ற அளவுவரை குடியேறுகின்றன. முழுதும் மின்னேறிய கிராஃபைட்டின் மின்னழுத்தம், உலோக லித்தியத்தின் மின்னழுத்தத்தைவிடச் சிறிதளவே வேறுபட்டது. அதாவது, எதிர்ப்படும் எதற்கும் எலக்ட்ரானைத் தள்ளிவிடும் நிலையில் அது இருக்கிறது. இந்த நிலையில் அதைத் தொட்டுக்கொண்டு சிதையாமல் இருக்கக்கூடிய கரைப்பான் எதுவும் இன்றைய லித்தியம் அயனி மின்கலங்களில் இல்லை. வெப்ப இயக்கவியல் விதிகளை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதென்றால், இந்த மின்கலம் இயங்கவே கூடாது.

அது இயங்குவதற்குக் காரணம், சிதைவு தன்னைத் தானே நிறுத்திக்கொள்வதுதான். முதல்முறை மின்னேற்றும்போது மின்பகுளியின் ஒரு பகுதி கிராஃபைட்டின் மேற்பரப்பில் சிதைந்து, லித்தியம் கார்பனேட்டு, லித்தியம் ஃபுளோரைடு, லித்தியம் கலந்த கரிமச் சேர்மங்கள் ஆகியவை கலந்த ஒரு படிவாகப் படிகிறது. இப்படிவு லித்தியம் அயனியைக் கடக்கவிடுகிறது, எலக்ட்ரானைக் கடக்கவிடுவதில்லை. எலக்ட்ரான் கிடைக்காததால் மேற்கொண்டு சிதைவு தளர்ந்து, சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் கனத்தில் படலம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. லித்தியத்தின்மீது படியும் இத்தகைய படலம் ஒரு திண்ம மின்பகுளியைப்போல் நடந்துகொள்கிறது என்ற கருத்தை இமானுவேல் பெலெட் 1979இல் முன்வைத்தார். திண்ம மின்பகுளி இடைப்படலம் என்ற பொருள்படும் பெயரே இன்றும் துறையில் வழங்குகிறது.

எல்லாக் கரைப்பானும் நல்ல படலத்தைத் தருவதில்லை. தொடக்ககால ஆய்வாளர்கள் விரும்பிப் பயன்படுத்தியது புரொப்பிலீன் கார்பனேட்டு. அது அறை வெப்பநிலையில் திரவம்; லித்தியம் உப்புகளை எளிதில் கரைக்கும். ஆனால் கிராஃபைட்டோடு சேர்ந்தால், அயனியோடு ஒட்டிக்கொண்டு கரைப்பான் மூலக்கூறும் அடுக்குகளுக்குள் புகுந்து, கிராஃபைட்டை ஏடு ஏடாக உரித்துவிட்டது. அதன் உறவுச் சேர்மமான எத்திலீன் கார்பனேட்டு ஏறத்தாழ 36 பாகை செல்சியசில்தான் உருகும் என்பதால், அறை வெப்பநிலையில் கட்டியாகக் கிடக்கும் ஒரு பொருளைத் திரவ மின்பகுளிக்கு யார் நாடுவார்கள்? கனடாவில் ஜெஃப் டானும் அவருடன் பணியாற்றியோரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு, எத்திலீன் கார்பனேட்டு கலந்த மின்பகுளியில் கிராஃபைட் உரிவதில்லை என்றும், முதல் மின்னேற்றத்தில் படலம் அமைந்தபின் அது திரும்பத் திரும்ப லித்தியத்தை ஏற்று விடுவிக்கிறது என்றும் காட்டியது. இரு கரைப்பான்களுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு மெத்தில் தொகுதி, அதாவது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும். சோனியின் முதல் மின்கலங்களில் எதிர்முனையாக இருந்தது கிராஃபைட் அன்று. அவ்வளவாக உரியாத, ஒழுங்கற்ற அமைப்புடைய கோக் வகைக் கார்பன். இன்றைய கைப்பேசியிலும் காரிலும் கிராஃபைட் கோலோச்சுவது எத்திலீன் கார்பனேட்டு தந்த படலத்தின் தயவால்தான்.

இப்படலத்தைத் தொழிற்சாலையில் திட்டமிட்டே வளர்க்கிறார்கள். மின்கலத்தை அடைத்து மூடியபின் குறைந்த மின்னோட்டத்தில் முதன்முறை மின்னேற்றி, வெதுவெதுப்பான அறையில் சில நாள்கள் வைத்திருக்கும் இக்கட்டத்துக்கு ‘ஃபார்மேஷன்’ என்று தொழிலில் பெயர். அப்போது மின்கலத்திலுள்ள லித்தியத்தில் பத்தில் ஒரு பங்குவரை படலத்தில் சிக்கி நிரந்தரமாகப் பயனிழக்கிறது. விலை கொடுத்து வாங்கிய லித்தியம் ஒருமுறைகூடப் பயன்படாமல் போகிறதே என்று கணக்கர் வருந்தலாம். மீதியைக் காக்கும் செலவு அது.

படலம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது என்றுதான் மேலே சொல்லப்பட்டதே தவிர, முற்றிலும் நின்றுவிடுகிறது என்று சொல்லப்படவில்லை. ஒன்றிரண்டு எலக்ட்ரான்கள் கசிந்துகொண்டே இருப்பதால், காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி அது தடித்துக்கொண்டே போகிறது. நான்கு மடங்கு காலத்தில் இரு மடங்கு தடிப்பு. மேசையறையில் பயன்படுத்தாமல் கிடக்கும் மின்கலமும் மூப்படைவது இதனால்தான். இக்கசிவின் அளவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே சென்ற நூறு பங்கு மின்னூட்டத்தில் 99.9 பங்கு திரும்பக் கிடைக்கிறது என்றால் அது மிகச் சிறந்த மின்கலமாகத் தோன்றும். ஆனால் இழப்பு முழுவதும் லித்தியத்தின் இழப்பாகவே இருந்தால், ஆயிரம் சுற்றுக்குப் பின் அதில் எஞ்சுவது 37 விழுக்காடுதான். 99.99 பங்கு திரும்பினால் எஞ்சுவது 90 விழுக்காடு. இரண்டுக்கும் நடுவிலுள்ள வேறுபாட்டைச் சாதாரணக் கருவியால் அளக்க முடியாது என்பதால், டான் ஹாலிஃபாக்ஸ் நகரின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் மின்னூட்டத்தை மிக நுண்மையாக எண்ணும் கருவிகளைத் தம் குழுவினருடன் உருவாக்கினார். பல ஆண்டு காத்திருந்து மின்கலம் சாவதைப் பார்ப்பதற்குப் பதிலாக, சில வாரங்களில் கசிவின் அளவைக் கொண்டே எந்த மின்பகுளி நெடுநாள் நிற்கும் என்று ஒப்பிட்டுச் சொல்ல இது வழிசெய்தது. புதிய மின்கலப் பொருள் பற்றிய செய்திகளுக்குக் கிடைக்கும் விளம்பரத்தோடு ஒப்பிட்டால், அளவைக் கருவியைச் செப்பனிட்ட இவ்வேலை கிட்டத்தட்ட யாருக்கும் தெரியாது. துறைக்கு அது செய்த நன்மை, அந்தச் செய்திகளில் பலவற்றைவிடப் பெரிது.

கிராஃபைட்டைக் காட்டிலும் பன்மடங்கு லித்தியத்தை ஏற்கும் சிலிக்கான் இன்னும் முழு எதிர்முனையாகப் பரவலாக வராததற்கும் படலமே காரணம். லித்தியம் நிறைந்த சிலிக்கான் ஏறத்தாழ மும்மடங்கு கூடுதலாகப் பருக்கிறது, மின்னிறக்கத்தில் சுருங்குகிறது. ஒவ்வொரு முறையும் படலம் விரிந்து கிழிய, கிழிந்த இடத்தில் புதிய படலம் வளர, லித்தியமும் மின்பகுளியும் தீர்ந்துபோகின்றன. வெப்பமும் படலத்துக்குப் பகை. ஏறத்தாழ 80 முதல் 120 பாகையில் அது சிதையத் தொடங்கும். சிதையும்போது வெளிப்படும் வெப்பம் அடுத்தடுத்த வினைகளைத் தூண்டி, இறுதியில் நேர்முனையின் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜன் வெளியேறும் நிலைவரை கொண்டுபோய்விடும். இரும்பு பாஸ்பேட்டு மின்கலங்கள் இவ்வகையில் பாதுகாப்பானவையாகக் கருதப்படுவதற்குக் காரணம், அவற்றில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருப்பதே. ஆக்சைடுக்கு மாற்றாகச் சல்பேட்டு, பாஸ்பேட்டு போன்ற தொகுதிகள் உள்ள சேர்மங்களை நேர்முனைக்குக் கொண்டுவந்ததில், மதுரையில் வேதியியல் பயின்று சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், குட்இனஃப் அவர்களோடு சேர்ந்து 1980களின் பிற்பகுதியில் செய்த ஆய்வுக்கு முக்கிய இடம் உண்டு. 2019இல் குட்இனஃபின் நோபல் உரையை ஸ்டாக்ஹோமில் அவருக்காக நிகழ்த்தியவரும் மந்திரமே.

கணினி நினைவகத்தில் படலம் தானாக வளர்வதன்று; வளர்த்து வைக்கப்படுவது. 1967இல் பெல் ஆய்வகத்தில் டாவன் காங், சைமன் சே ஆகிய இருவரும் முன்மொழிந்த ‘மிதக்கும் வாயில்’ என்ற அமைப்பில், டிரான்சிஸ்டருக்குள் நாற்புறமும் மின்கடத்தாப் பொருள் சூழ்ந்த ஒரு சிறு கடத்தித் தீவு இருக்கிறது. அத்தீவில் எலக்ட்ரான்கள் இருந்தால் ஒரு மதிப்பு, இல்லாவிட்டால் மற்றொரு மதிப்பு. 1980களில் தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா இதை அடிப்படையாகக் கொண்டு ஃபிளாஷ் நினைவகத்தை உருவாக்கினார். இன்று பெருவழக்கிலுள்ள நாண்ட் வகையை அவர் குழு 1987இல் வெளியிட்டது. தீவுக்கும் கீழேயுள்ள சிலிக்கானுக்கும் இடையே இருப்பது பத்து நானோமீட்டருக்கும் குறைவான கனமுள்ள சிலிக்கான் டைஆக்சைடுப் படலம். எழுதும்போதும் அழிக்கும்போதும் உயர் மின்னழுத்தத்தின் உதவியால் எலக்ட்ரான்கள் இப்படலத்தை ஊடுருவிச் செல்கின்றன; தடையைத் தாண்டாமலேயே அதற்குள் புகுந்து மறுபுறம் தோன்றும் இச்செயல் குவாண்டம் இயற்பியலுக்கு உரியது.

ஒரே படலம் எழுதும்போது வழிவிடவும் வேண்டும், எழுதாத பத்தாண்டுக்கு வழிமறிக்கவும் வேண்டும் என்பதே இதன் இக்கட்டு. ஆறேழு நானோமீட்டருக்கும் கீழே மெலிந்தால் மின்னூட்டம் பத்தாண்டு நிற்காது. தடித்தால் எழுதத் தேவைப்படும் மின்னழுத்தம் கட்டுமீறும். எனவே டிரான்சிஸ்டரின் மற்றப் பாகங்கள் எல்லாம் சுருங்கிச் சென்ற முப்பது நாற்பது ஆண்டுகளில் இப்படலம் மட்டும் பெரிதாகச் சுருங்கவில்லை. அத்துடன் ஒவ்வொரு முறை ஊடுருவும்போதும் எலக்ட்ரான்கள் படலத்தில் சிறு குறைகளை விட்டுச் செல்கின்றன. குறைகள் கூடக்கூட, தீவிலுள்ள எலக்ட்ரான்கள் அவற்றைப் படிக்கற்களாக்கிக் கசிந்துவிடுகின்றன. நினைவக அறை ஒன்றில் ஒரு துண்மியை (பிட்) மட்டும் வைத்த பழைய சில்லுகள் லட்சம் முறை அழித்தெழுதினாலும் தாங்கின; மூன்று துண்மிகளை வைக்கும் இன்றையவை சில ஆயிரம் முறையோடு தளர்கின்றன. மூன்று துண்மி என்றால் எட்டு மின்னூட்ட நிலைகளைப் பிரித்தறியவேண்டும். சிறு கசிவும் ஒரு நிலையை அடுத்ததாக மாற்றிவிடும்.

இதில் பொதுமக்கள் அறியவேண்டிய ஒன்று உண்டு. குறைக்கடத்தித் தொழிலுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் விதிப்படி, வீட்டுப் பயன்பாட்டுக்கான எஸ்.எஸ்.டி. (ஃபிளாஷ் சில்லுகளால் ஆன சேமிப்புக் கருவி) தன் அழித்தெழுதும் ஆயுளைத் தீர்த்தபின், மின்சாரம் இல்லாமல் 30 பாகை வெப்பத்தில் தரவைக் காக்கவேண்டிய காலம் ஓர் ஆண்டு மட்டுமே. தரவு மையங்களுக்கானதற்கு 40 பாகையில் மூன்று மாதம். புதிய கருவி இதைவிடப் பன்மடங்கு காலம் தாங்கும் என்பது உண்மையே. ஆயினும் குடும்பப் புகைப்படங்களையும் பத்திர நகல்களையும் ஓடித் தேய்ந்த எஸ்.எஸ்.டி. ஒன்றில் ஏற்றிப் பீரோவுக்குள் பூட்டி மறந்துவிடுவது சேமிப்பு ஆகாது. காந்த வன்தட்டு இவ்வகையில் மேலானது. அதிலும் காந்தப் பூச்சைக் காப்பது இரண்டு மூன்று நானோமீட்டர் கனமுள்ள, வைரத்தை ஒத்த கார்பன் படலமும் அதன்மேல் தடவிய ஒரு மூலக்கூறு அளவு மசகும்தான். பழைய ஒலிநாடாக்கள் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்வதும் காந்தத் துகள் கெட்டதால் அன்று. அத்துகளைப் பிடித்திருக்கும் பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தால் சிதைந்ததால்.

அணுக்கழிவுக்கு வந்தால், கனம் பெரிதாகிறது, சிக்கல் மாறுவதில்லை. அணு உலையிலிருந்து எடுத்த எரிபொருளை மறுசுழற்சி செய்யும் பிரான்சு, இந்தியா போன்ற நாடுகள், எஞ்சும் உயர்கதிரியக்கத் திரவத்தைப் போரோசிலிக்கேட் கண்ணாடியோடு ஆயிரம் பாகை அளவில் உருக்கி எஃகுக் கலங்களில் ஊற்றுகின்றன. இந்தியாவில் டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் ஆகிய இடங்களில் இதற்கான ஆலைகள் உண்டு. டிராம்பேயில் கழிவில் சல்பேட்டு மிகுதி. சல்பேட்டு சாதாரண போரோசிலிக்கேட்டில் கரையாமல் தனியே பிரிந்து, நீரில் எளிதில் கரையும் ஒரு படிவாக ஒதுங்கிவிடும் என்பதால், பேரியம் கலந்த கண்ணாடி அங்கே உருவாக்கப்பட்டது. கழிவுத் தனிமங்கள் கண்ணாடிக்குள் கல்லும் மண்ணும்போல் பொதிந்து கிடப்பதில்லை, கண்ணாடியின் அணுவலையிலேயே பின்னப்பட்டிருக்கின்றன என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

என்றாவது நிலத்தடி நீர் அக்கண்ணாடியைத் தொடும்போது, சோடியமும் போரானும் முதலில் கரைந்து வெளியேற, எஞ்சும் சிலிக்கா மேற்பரப்பில் மீண்டும் பிணைந்து கூழ் போன்ற படலமாகிறது. இதன் துளைகள் மெல்ல அடைபட, கரையும் வேகம் தொடக்கத்தில் இருந்ததைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாகக் குறைந்துவிடுகிறது. மின்கலத்தில் நிகழ்ந்ததே இங்கும் நிகழ்கிறது: சிதைவே சிதைவைத் தடுக்கும் படலத்தை ஈன்றுவிடுகிறது. காரத்தன்மை மிகுந்தால் சீயோலைட் என்னும் படிகங்கள் வளர்ந்து, படலத்திலுள்ள சிலிக்காவை உண்டு, கரைதலை மறுபடி விரைவுபடுத்தக்கூடும். எனவே காரத்தன்மை தரும் சிமெண்டைக் கிடங்கில் எவ்வளவு, எங்கே பூசுவது என்பதுகூட ஆராயப்படுகிறது.

ஃபின்லாந்தும் ஸ்வீடனும் எரிபொருளை மறுசுழற்சி செய்யாமல் அப்படியே புதைக்க முடிவு செய்தவை. ஃபின்லாந்தின் ஒல்கிலுவோட்டோவில், 2004இல் தோண்டத் தொடங்கிய ஓன்கலோ சுரங்கத்தில், நானூறு மீட்டருக்கும் ஆழத்தில், வார்ப்பிரும்பை உள்ளீடாகக் கொண்ட ஐந்து சென்டிமீட்டர் கனச் செப்புக் கலத்தில் எரிபொருளை வைத்து, நீர் பட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும் பெண்டோனைட் களிமண்ணால் சூழ்வது திட்டம்; ஸ்வீடனின் திட்டமும் இதே முறைதான். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் செம்பு அரிக்காது என்பது இதன் அடிப்படை. ஸ்வீடனின் குன்னர் ஹல்ட்குவிஸ்ட் 1986இல், ஆக்சிஜனற்ற தூய நீரிலும் செம்பு அரித்து ஹைட்ரஜனை வெளியிடுகிறது என்று கட்டுரை வெளியிட்டதும் பெரும் வாதம் மூண்டது. முப்பதாண்டுக்கும் மேல் நீண்ட அவ்வாதம் 2018இல் அந்நாட்டின் சுற்றுச்சூழல் நீதிமன்றத்தையே தயங்கவைத்து, செப்பின் அரிமானம் பற்றிக் கூடுதல் சான்று கேட்கச் செய்தது. அந்நாட்டு அரசு 2022 ஜனவரியில்தான் கிடங்குக்கு ஒப்புதல் அளித்தது. ஹல்ட்குவிஸ்டின் முடிவை மறு ஆய்வுகள் பலவும் உறுதிசெய்யவில்லை. ஆயினும் அந்த ஐயம் எழுந்திராவிட்டால், செம்பும் களிமண்ணும் நீரும் கூடும் எல்லையைப் பற்றி இன்று தெரிந்ததில் பெரும்பகுதி தெரிந்திருக்காது. மெய்யான கவலை, நீரிலுள்ள சல்பேட்டைச் சில நுண்ணுயிர்கள் சல்பைடாக்க, அச்சல்பைடு செம்பை வந்தடைவதுதான் என்பதும், இறுக அடைத்த களிமண் நுண்ணுயிர்களையும் சல்பைடின் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்துகிறது என்பதும் தெளிவாயின.

இத்தனை நுட்பமும் ஒரு சாக்குத் துகளால் கெட்டுவிடக்கூடும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 655 மீட்டர் ஆழத்து உப்புப் படிவில் 1999 முதல் இயங்கும் கிடங்கில், 2014 பிப்ரவரியில் ஒரு பீப்பாய் உள்ளேயே வெந்து வாய் பிளந்தது. நைட்ரேட்டு உப்பு கலந்த கழிவின் ஈரத்தை உறிஞ்சுவதற்கு, வீட்டுப் பூனைகளுக்கென்று விற்கப்படும் களிமண் துகளைச் சேர்ப்பது வழக்கம்; அதற்குப் பதிலாகக் கோதுமையில் செய்த துகளைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். நைட்ரேட்டும் கரிமப் பொருளும் சேர்ந்தால் தீப்பற்றக்கூடிய கலவையாகும். கிடங்கு ஏறத்தாழ மூன்றாண்டு மூடிக்கிடந்தது.

லட்சம் ஆண்டு நிற்கும் என்று ஒருவர் சொன்னால், அதை எவ்வாறு சரிபார்ப்பது? பொறியாளர் கைக்கொள்ளும் வழி, வெப்பத்தைக் கூட்டி மூப்பை விரைவுபடுத்துவது. பத்துப் பாகை உயர்த்தினால் வினை ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது வாய்ப்பாடு. ஆனால் அதிக வெப்பத்தில் படலமே வேறொரு படலமாகிவிட்டால், கணக்கு முழுவதும் வீண். ஆதலால் கழிவுத் துறையினர் பழம்பொருள்களைத் தேடிச் சென்றார்கள். பிரான்சின் எம்பியே தீவருகே மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த, 1,800 ஆண்டு கடலில் கிடந்த ரோமானியக் கண்ணாடிக் கட்டிகளின் படலத்தை அளந்து, ஆய்வகச் சமன்பாடுகள் அதற்குப் பொருந்துகின்றனவா என்று பார்த்தார்கள். 1676இல் பால்டிக் கடலில் மூழ்கிய குரோனன் போர்க்கப்பலின் பீரங்கியை, களிமண்ணில் புதைந்த செப்புக் கலவைக்குச் சான்றாகக் கொண்டார்கள். காபோன் நாட்டின் ஓக்லோவில் யுரேனியம்-235இன் அளவு இருக்கவேண்டிய 0.720 விழுக்காட்டுக்குப் பதில் 0.717 என்று 1972இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டபோது, ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்குமுன் அங்கே இயற்கையாகவே அணு உலை எரிந்திருந்தது தெரியவந்தது. அதில் உண்டான புளூட்டோனியமும் அருமண் தனிமங்களும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நின்றன. வாயுக்களும் சீசியமும் நிற்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

மின்கலத்துக்கு இத்தகைய தொல்சான்று இல்லை. விற்பனைக்கு வந்தே முப்பத்துச் சொச்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. மூப்புத் தரவுகளில் பெரும்பங்கு 25 பாகை அறையில் எடுத்தவை. சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் நிற்கும் மின்சார ஆட்டோவின் மின்கலப் பெட்டிக்குள் படலம் எந்த வேகத்தில் தடிக்கிறது என்பதை அத்தரவு சொல்லாது. அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்திலும் நன்கொடையிலும் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மின்கலத்தையும் அரிமானத்தையும் ஒரே வளாகத்தில் ஆராய்வது. மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை உப்புக் காற்றில் நெடுங்காலம் விட்டுவைத்து அளந்த அனுபவமும் அதற்கு உண்டு. தகடுகளுக்குச் செய்ததை மின்கலங்களுக்கும் செய்யலாம். நாட்டில் விற்கும் மின்கல வகைகளைத் தமிழ்நாட்டு வெப்பத்தில், ஓடும் நிலையிலும் ஓடாத நிலையிலும் பத்தாண்டு வைத்து அளந்து, அந்த எண்களை ஆண்டுதோறும் யாவரும் காண வெளியிடும் ஒரு நிலையம் வேண்டும். அதற்கு ஆகும் செலவு சிறிது. காத்திருக்கும் பொறுமையுள்ள நிதியே தேவை. நல்கை வழங்கும் அமைப்புகள் மூன்றாண்டுத் திட்டங்களுக்கு மட்டும் பணம் ஒதுக்கும் வழக்கத்தை இந்த ஒன்றிலாவது தளர்த்தவேண்டும்.